விண்டோஸ் 7-இல் புது மென்பொருள்: ஓகே அழுத்துமுன் அந்தப் பெட்டியைப் படியுங்கள்

இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய பிரிண்டருக்குப் புது டிரைவர் கிடைக்காது, டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் உரிமச் சாவி) போட்டு ஓட்டும் மென்பொருளைத் திரும்ப வாங்கப் பணம் இல்லை, கணினியில் இருப்பதே 2 ஜிபி ராம், இப்படிக் காரணங்கள் எல்லாம் உண்மையானவை. ஆனால் அதில் ஒரு புது மென்பொருளை ஏற்ற உட்காரும்போது ஆளுக்கு ஆள் அதே தவறுகளைச் செய்து, ஓடிக்கொண்டிருந்த கணினியையும் கெடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்கவில்லை.

முதல் தவறு, பிழைச் செய்தியைப் படிக்காமல் ஓகே அழுத்துவது. என்ன சிக்கல் என்பது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே எழுதியிருக்கும். தெரிந்தவர் ஒருவருடைய ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருளின் புதுப் பதிப்பு திறக்கவில்லை என்று கூப்பிட்டார். பெட்டியைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தால், கெட்சிஸ்டம்டைம்ப்ரிசைஸ்ஆஸ்ஃபைல்டைம் என்ற ஒன்றைக் கெர்னல்32 டிஎல்எல்லில் (டிஎல்எல் என்பது மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக்கோப்பு) காணவில்லை என்று இருந்தது. நேரத்தை மிகத் துல்லியமாகச் சொல்லும் ஃபங்ஷன் அது, விண்டோஸ் 8-இல்தான் வந்தது. அதாவது அந்தப் பதிப்பை எழுதியவர்கள் விண்டோஸ் 7-ஐ விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டார்கள். அதற்கு மேல் அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

அவரோ அதற்குள் அடுத்த தவறையும் செய்திருந்தார். டிஎல்எல் இலவசம் என்று கண்ட இடத்தில் போட்டிருந்த கெர்னல்32-ஐ இறக்கி, மென்பொருளின் ஃபோல்டரில் வைத்திருந்தார். கூடவே வந்த ஏதோ ஒன்றால் பிரவுசரைத் திறந்தாலே விளம்பரம். கெர்னல்32 விண்டோஸின் அடித்தளக் கோப்பு. அதை எந்த ஃபோல்டரில் போட்டாலும் விண்டோஸ் சட்டை செய்யாது, சிஸ்டம்32-இல் இருக்கும் தன்னுடையதைத்தான் எடுக்கும். அங்கேயே போய் மாற்றினால் கணினி பூட் ஆகாது. டிஎல்எல்லைத் தனியாக, முகம் தெரியாத இடத்திலிருந்து இறக்கவே இறக்காதீர்கள்.

ஆனால் எல்லா டிஎல்எல் பிழையும் கைவிட வேண்டியது இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. காணாமல் போன கோப்பின் பெயர் ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று ஆரம்பித்தால் சந்தோஷப்படுங்கள். அது யுனிவர்சல் சி ரன்டைம், பல மென்பொருள்கள் ஓடத் தேவையான பொதுக் கோப்புத் தொகுப்பு. மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 7-க்குக் கேபி2999226 என்ற அப்டேட்டாக அதைக் கொடுத்திருக்கிறது, போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த அப்டேட் ஏற மறுத்தால் உங்களிடம் சர்வீஸ் பேக் 1 (விண்டோஸ் 7-க்கு வந்த பெரிய திருத்தத் தொகுப்பு) இல்லையோ என்று பாருங்கள். 2011-இல் வந்த அது இல்லாமலே இன்றும் பல கணினிகள் ஓடுகின்றன, அது இல்லாவிட்டால் மேலே எதுவும் நிற்காது. அப்புறம் கையொப்பச் சிக்கல், அதாவது கோப்பு உண்மையானதா என்று விண்டோஸ் சரிபார்க்கும் டிஜிட்டல் முத்திரையில் வரும் சிக்கல். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்களை ஷா-2 என்ற புதிய கையொப்ப முறைக்கு மாற்றியது, அதைப் புரிந்துகொள்ள விண்டோஸ் 7-க்குக் கேபி4490628, அதன் பின் கேபி4474419 இரண்டும் வேண்டும். இவை இல்லாத கணினியில் நல்ல டிரைவரைக்கூட நம்ப முடியாதது என்று தள்ளிவிடும்.

கம்பேட்டிபிலிட்டி மோடு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். விண்டோஸ் 7-இல் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள், விண்டோஸ் 95, எக்ஸ்பி, விஸ்டா என்று பழசுகள்தான் இருக்கும், 10 இருக்காது. பழைய மென்பொருளைப் புது விண்டோஸில் ஓட்டுவதற்கு வந்த வசதி அது, நமக்கு வேண்டியதோ அதற்கு நேர் எதிர்.

32 பிட், 64 பிட் குழப்பம் சின்னது, ஆனால் அடிக்கடி வருவது. கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் உங்கள் விண்டோஸ் எது என்பது சிஸ்டம் டைப் என்ற வரியில் இருக்கும், சர்வீஸ் பேக்கும் அதே பக்கத்தில் தெரியும். 32 பிட் விண்டோஸில் 64 பிட் மென்பொருள் எந்த வழியிலும் ஓடாது.

சரி, அப்படியானால் என்ன செய்வது? புதியதை வளைக்கப் பார்க்காமல், உங்கள் விண்டோஸில் ஓடும் கடைசிப் பதிப்பு எது என்று தேடுங்கள். நான் முதலில் செய்வது இதைத்தான். குரோமுக்கு 109. பைதான் நிரல்மொழிக்கு 3.8 வரிசை. பல மென்பொருள்கள் ஓடக் கேட்கும் டாட்நெட் ஃப்ரேம்வொர்க்குக்கு 4.8. லிப்ரேஆஃபிஸ் 25.8-இலிருந்து விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது, அதற்கு முந்தையதை எடுங்கள். விஎல்சி 3 எக்ஸ்பியிலேயே ஓடும். பல மென்பொருள்கள் ஏன் ஒரே சமயத்தில் கைவிட்டன என்று கேட்பார்கள். குரோமின் அடித்தளமான குரோமியம் 2023-இல் விண்டோஸ் 7-ஐ விட்டது, மென்பொருள் எழுத உதவும் எலக்ட்ரான் என்ற கட்டமைப்பு அதன் மேல் நிற்பது, அதுவும் 22-ஆம் பதிப்போடு நிறுத்தியது, எலக்ட்ரானில் எழுதிய அரட்டை, குறிப்பேடு மென்பொருள்கள் எல்லாம் பின்னாலேயே போயின. கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் 2024 ஜனவரி 1-இல் நிறுத்தியதற்கும் தனக்குள் இருக்கும் குரோமைத்தான் காரணமாகச் சொன்னது.

கடைசிப் பதிப்பைக் கண்டுபிடித்தால் அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே இறக்கி, முழு இன்ஸ்டாலரைப் பென்டிரைவில் போட்டு வையுங்கள். மென்பொருளுக்குள் ஆட்டோ அப்டேட்டையும் நிறுத்துங்கள். சில மென்பொருள்கள் விண்டோஸ் பதிப்பைப் பார்க்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுநாள் திறக்காமல் போய்விடும், அந்த நேரத்தில் பழைய இன்ஸ்டாலர் தளத்திலும் இருக்காது.

இன்னொன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விண்டோஸ் 7-க்குப் பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் நின்றது, பணம் கட்டிய நிறுவனங்களுக்கு வந்த திருத்தங்களும் 2023 ஜனவரியோடு முடிந்தன. அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள், பணம் போகும் வேலையை ஃபோனிலோ வேறு கணினியிலோ செய்யுங்கள்.

ஸ்டுடியோக்காரருக்கு ஆல்பம் மென்பொருளின் முந்தைய பதிப்பைப் போட்டுக்கொடுத்தேன், பிரவுசரில் ஒட்டியிருந்ததைச் சுத்தம் செய்யத்தான் அரைநாள் ஆனது. நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, படங்களைப் பென்டிரைவில் கொண்டுவரச் சொன்னேன். அவர் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார்.