ரசகுல்லா ரப்பராவது எங்கே?

முதல் முறை நான் செய்த ரசகுல்லாவைச் சுவரில் எறிந்தால் திரும்பி வந்திருக்கும். இரண்டாம் முறை பாகில் போட்டதுமே கரைந்து பாயசமாகிவிட்டது. இரண்டு முறையும் பாகைத்தான் திட்டினேன். ஆனால் தவறு சர்க்கரையைத் தொடுவதற்கு முன்பே, பாலிலேயே நடந்திருந்தது.

ரசகுல்லாவின் உயிர் சானா. புளிப்பு சேர்த்துத் திரித்த பாலுக்கு வங்காளத்தில் அதுதான் பெயர். கடையில் வாங்கிய பனீரை உதிர்த்துப் பிசைந்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. பனீர், பாரம் வைத்து ஈரத்தைப் பிழிந்தது. சானா இளகி இருக்க வேண்டும். அதேபோல, கெட்டியாக இருக்கிறதே என்று எருமைப் பாலை எடுக்காதீர்கள். பசும்பால்தான் மென்மை தரும்.

கொதிக்கிற பாலில் எலுமிச்சைச் சாற்றை அப்படியே கவிழ்ப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விட்டு, சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வெளிர்பச்சையாகத் தெளிந்த நீர் பிரிந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். நல்லா திரியட்டுமே என்று இன்னும் ஊற்றினாலும், திரிந்ததை மேலும் கொதிக்கவிட்டாலும் ரப்பர்தான். வடிகட்டியதும் குளிர்ந்த நீரில் அலசுங்கள். சூடும் புளிப்பும் போகும்.

அரை மணி நேரம் துணியில் கட்டித் தொங்கவிட்டால் போதும். ராத்திரி முழுக்கத் தொங்கினால் வறண்டு விரிசல் விடும். ஈரம் அதிகமானால் பாகில் கரையும். என் பாயசத்துக்குக் காரணம் அதுதான். அப்புறம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் எட்டுப் பத்து நிமிடம் தேய்த்துப் பிசையுங்கள். கையில் லேசாக நெய்ப்பசை தட்டியதும் நிறுத்துங்கள்.

பாகில், குலாப் ஜாமூன் பழக்கத்தில் பிசுக்குப் பதம் வரை காய்ச்சாதீர்கள். கெட்டிப் பாகு உருண்டையின் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்க வைக்கும். 1 கப் சர்க்கரைக்கு 4 கப் தண்ணீர், அகலமான பாத்திரம், தளதளவென்று கொதி, மேலே மூடி. உருண்டை இரண்டு மடங்கு ஊதும், அதற்கு இடம் வேண்டும். பதினைந்து நிமிடம்.

சமையலில் இவ்வளவு என்றால், வரலாற்றில் ஒரு தவறு விடாமல் சுற்றுகிறது: 'ரசகுல்லா வழக்கில் வங்காளம் ஒடிசாவை ஜெயித்தது' என்பது. 2017 நவம்பர் 14 அன்று 'பாங்லார் ரொசொகொல்லா'வுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அது வங்காள வகைக்கான அடையாளம். முதலில் கண்டுபிடித்தவர் யார் என்ற தீர்ப்பு அல்ல. 2019 ஜூலையில் 'ஒடிசா ரசகோலா'வும் தனியாக ஒரு குறியீடு பெற்றது. இரண்டையும் வழங்கிய பதிவகம் சென்னையில் இருக்கிறது என்பது கூடுதல் வேடிக்கை.

1868இல் கொல்கத்தா பாக்பஜாரில் நோபின் சந்திர தாஸ் செய்தார் என்பது வங்காளத்தின் கதை. பூரியில், தேர்த்திருவிழா முடிந்து கோயிலுக்குத் திரும்பும் ஜகந்நாதர், தன்னை விட்டுப் போனதால் கோபத்தில் இருக்கும் லட்சுமிக்கு ரசகோலா கொடுத்துச் சமாதானம் செய்கிறார் என்பது ஒடியாக்களின் வாதம். வங்காளத்தது வெள்ளை, பஞ்சு. புவனேஸ்வரத்துக்கும் கட்டாக்குக்கும் நடுவே பஹாலாவின் சாலையோரக் கடைகளில் கிடைப்பது லேசான பழுப்பு, வாயில் போட்டதும் உதிரும்.

ஒடிசாவில் சானாவோடு கொஞ்சம் ரவை சேர்ப்பதும் உண்டு. அதனால், உங்கள் உருண்டை பாகில் உடைகிறது என்றால் அடுத்த முறை ஒரு ஸ்பூன் ரவை போட்டுப் பிசையுங்கள். வங்காளிகளிடம் மட்டும் சொல்லாதீர்கள்.