குடத்தை வரிசையில் வைத்தால் போதும்: அசெம்பிளி இன்டரப்டிலிருந்து சி நிரலுக்குச் சேதி சொல்வது

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வந்தால், அடுப்பில் தோசை ஊற்றியிருக்கிறவர் என்ன செய்வார்? ஓடிப்போய் வரிசையில் ஒரு குடத்தை வைத்துவிட்டு, தோசை கருகுவதற்குள் திரும்பி வந்துவிடுவார். தண்ணீர் பிடிப்பது பிறகு. லாரி பக்கத்திலேயே நின்றால் தோசை போச்சு; லாரியைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் தண்ணீர் போச்சு.

பட்டன் அழுத்துவது மாதிரி ஏதாவது நடந்ததும் சிப் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஒரு குட்டி நிரலுக்கு ஓடுவதுதான் இன்டரப்ட்; அந்தக் குட்டி நிரல்தான் இன்டரப்ட் ஹேண்ட்லர். அதை எழுதுகிறவர்களுக்கு இதுதான் பாடம். பட்டன் அழுத்தியதும் ஓடுகிற அசெம்பிளித் துண்டு (அசெம்பிளி என்பது சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் மொழி) குடத்தை மட்டும் வைக்கட்டும். எழுத்தை அச்சிடுவது, விளக்கைப் போடுவது எல்லாம் சி நிரலின் வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அதே வரிசையில் இங்கே தருகிறேன். வேண்டியவை: ஒரு அர்டுயினோ ஊனோ ஆர்3, ஒரு புஷ் பட்டன், இரண்டு ஒயர். ஆர்4 போர்டில் இருப்பது வேறு சிப். அதில் இது ஓடாது. ஆர்3-இல் இருப்பது ஏடிமெகா328பி, 16 மெகாஹெர்ட்ஸ். கோடு வரிகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: ஒயர்

பட்டனின் ஒரு காலை 2-ஆம் பின்னிலும் இன்னொரு காலை கிரவுண்டிலும் செருகுங்கள். அவ்வளவுதான். ரெசிஸ்டர் வேண்டாம், பட்டனை அழுத்தாதபோது பின்னின் மின்னழுத்தத்தை மேலே பிடித்துவைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் சிப்பின் உள்ளேயே இருக்கிறது.

படி 2: அசெம்பிளி ஃபைல்

ஸ்கெட்சில் (அர்டுயினோ நிரலுக்கு அதுதான் பெயர்) புது டேப் திறந்து, 'மணி' என்று பெயர் வைத்து, கடைசியில் புள்ளியும் பெரிய எஸ்ஸும் போடுங்கள். சின்ன எஸ் போட்டால், இன்க்ளூட் வரிகளை முன்கூட்டியே கவனிக்கும் ப்ரீப்ராசஸர் ஓடாது, இன்க்ளூட் வரிக்கு அர்த்தமே இல்லாமல் போகும். உள்ளே ஐந்தே வரி:

ஹேஷ் இன்க்ளூட் <ஏவிஆர்/ஐஓ.எச்>
.குளோபல் ஐஎன்டி0_வெக்ட்
ஐஎன்டி0_வெக்ட்:
எஸ்பிஐ _எஸ்எஃப்ஆர்_ஐஓ_அட்ர்(ஜிபிஐஓஆர்0), 0
ஆர்இடிஐ

நான்காவது வரிதான் குடம். ஜிபிஐஓஆர்0 என்பது நம் இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள சிப்பிலேயே விட்டுவைத்திருக்கும் ஒரு பைட். அதில் 0-ஆவது பிட்டை எஸ்பிஐ ஒன்றாக்குகிறது. எனக்கு இந்த வரியின் மேல் தனிப் பிரியம் உண்டு. சாதாரணமாக ஹேண்ட்லருக்குள் நுழைந்ததும் ரெஜிஸ்டர்களை (சிப் கணக்குப் போடும் சின்னப் பெட்டிகள்) ஸ்டாக் என்ற நினைவக அடுக்கில் புஷ் செய்து, அதாவது எடுத்துவைத்து, கடைசிக் கணக்கின் கொடிகள் இருக்கும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைக் காப்பாற்றி, போகும்போது எல்லாவற்றையும் பாப் செய்ய, அதாவது திரும்ப எடுக்க, வேண்டும். எஸ்பிஐ எந்த ரெஜிஸ்டரையும் தொடுவதில்லை, ஸ்டேட்டஸ் கொடிகளையும் மாற்றுவதில்லை. அதனால் புஷ்ஷும் இல்லை, பாப்பும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்டரப்ட்டை ஏற்றுக்கொள்ள 4 சைக்கிள் (சிப்பின் கடிகாரத் துடிப்பு), எந்த இன்டரப்ட்டுக்கு எங்கே போவது என்று சொல்லும் வெக்டர் டேபிளில் இருக்கும் ஜம்ப்புக்கு 3, எஸ்பிஐக்கு 2, ஆர்இடிஐ வழியாகத் திரும்பிவர 4. மொத்தம் 13 சைக்கிள், ஒரு மைக்ரோசெகண்ட் கூட ஆகவில்லை. 9600 பாட் (ஒரு செகண்டுக்கு 9600 பிட்) வேகத்தில் சீரியலில், அதாவது போர்டிலிருந்து கணினிக்குப் போகும் வழியில், ஒரே ஒரு எழுத்து வெளியே போக 16,000 சைக்கிளுக்கு மேல் ஆகும். ஹேண்ட்லருக்குள் சீரியல் பிரின்ட் போடாதே என்று ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பது இப்போது புரியும். போதாததற்கு, சீரியலே இன்டரப்ட்டை நம்பித்தான் எழுத்தை அனுப்புகிறது. ஹேண்ட்லர் ஓடும்போது மற்ற இன்டரப்ட்களுக்குக் கதவு சாத்தியிருக்கும்.

"அசெம்பிளிலேர்ந்து நேரா சி ஃபங்ஷனை கால் பண்ணா இன்னா மாமா?" என்றான் பையன். பண்ணலாம். ஆனால் சி ஃபங்ஷன் எந்தெந்த ரெஜிஸ்டரைக் கலைக்கும் என்று நமக்குத் தெரியாது. ஆர்0, ஆர்1, ஆர்18 முதல் ஆர்27 வரை, ஆர்30, ஆர்31 என்று பதினாலையும் ஸ்டேட்டஸையும் காப்பாற்றி, ஆர்1-ஐப் பூஜ்ஜியமாக்கிவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். ஒன்றை மறந்தாலும் நிரல் எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில், அதுவும் எப்போதாவது ஒருமுறை, உளறும். பழகும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படி 3: செட்டப்

2-ஆம் பின்னை இன்புட்-புல்அப் ஆக்குங்கள். ஜிபிஐஓஆர்0-ஐப் பூஜ்ஜியமாக்குங்கள். எப்போது இன்டரப்ட் வர வேண்டும் என்று சொல்லும் ரெஜிஸ்டரான ஈஐசிஆர்ஏ-வில் ஐஎஸ்சி01 பிட்டை 1, ஐஎஸ்சி00 பிட்டை 0 ஆக வையுங்கள். மின்னழுத்தம் மேலிருந்து கீழே விழும்போது இன்டரப்ட் வரும் என்று அர்த்தம். கடைசியாக, இன்டரப்ட்டை அனுமதிக்கும் ரெஜிஸ்டரான ஈஐஎம்எஸ்கே-வில் ஐஎன்டி0 பிட்டை 1 ஆக்கினால் கதவு திறந்துவிடும். சீரியலைத் தொடங்கி 'ரெடி' என்று ஒரு வரி அச்சிடுங்கள், பின்னால் உதவும். அட்டாச்இன்டரப்ட் ஃபங்ஷனைத் தப்பித்தவறியும் கூப்பிடாதீர்கள்: அதுவும் இதே வெக்டருக்குச் சொந்தம் கொண்டாடும், நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க்கர் சண்டைக்கு வரும்.

படி 4: லூப்

ஒவ்வொரு சுற்றிலும் ஜிபிஐஓஆர்0-வின் 0-ஆவது பிட்டைப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் முதலில் அதைப் பூஜ்ஜியமாக்குங்கள், அதற்கப்புறம் உங்கள் 'பட்டன்_அழுத்தம்' ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். வரிசை முக்கியம். வேலையை முடித்துவிட்டுப் பிட்டை அழித்தால், வேலை நடக்கும்போது வந்த அடுத்த அழுத்தமும் சேர்ந்து அழிந்துவிடும்.

பட்டன் உலோகம் ஒருமுறை அழுத்தினாலே சில மில்லிசெகண்டுக்குத் துள்ளும். கடைசி அழுத்தத்திலிருந்து 50 மில்லிசெகண்ட் ஆகவில்லை என்றால் கண்டுகொள்ளாமல் விடுங்கள். இந்தச் சோதனை இருக்க வேண்டிய இடம் லூப், ஹேண்ட்லர் அல்ல. லூப்பில் டிலே(1000) மாதிரி ஒரு செகண்ட் சும்மா நிற்கவைக்கும் எதையும் போடாதீர்கள். குடம் வெயிலில் காயும்.

ஓடவில்லையா?

எங்களுக்கும் ஓடவில்லை. "மாமா, பட்டனை அமுக்குனா போர்டு செத்துச் செத்துப் பொழைக்குது" என்றான். சீரியல் மானிட்டரில், அழுத்தும் போதெல்லாம் 'ரெடி', 'ரெடி'. கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒயரை மாற்றினோம், யுஎஸ்பி கேபிளை மாற்றினோம், அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள், டீயும் ஆறியது. கடைசியில் பார்த்தால், ஐஎன்டி-க்குப் பின்னால் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஓ என்ற எழுத்தைத் தட்டியிருக்கிறான், இரண்டு இடத்திலும். அசெம்பிளருக்கு அது இன்னொரு லேபிள், அவ்வளவுதான். நிஜமான வெக்டருக்கு ஹேண்ட்லரே இல்லை. ஆள் இல்லாத வெக்டருக்கு இன்டரப்ட் வந்தால் ஏவிஆர் (நம் சிப்பின் குடும்பப் பெயர்) லைப்ரரி நிரலை முதல் முகவரிக்கே தாண்டவைக்கும், செட்டப் மறுபடி ஓடும். இதையே சி-யில் எழுதி, கம்பைலர் எச்சரிக்கைகளையும் ஆன் செய்து வைத்திருந்தால், கம்பைலர் எச்சரித்திருக்கும்.

எத்தனை முறை என்று எண்ண வேண்டுமென்றால்

ஒரு பிட் என்பது ஒரே குடம். நீங்கள் பார்ப்பதற்குள் லாரி மூன்று நடை வந்து போனாலும் குடம் ஒன்றுதான். எண்ணிக்கை வேண்டுமென்றால் ஒரு பைட் மாறியை வைத்து ஹேண்ட்லரில் ஒன்று கூட்டுங்கள். அப்போது ஒரு ரெஜிஸ்டரையும் ஸ்டேட்டஸையும் காப்பாற்றியே ஆக வேண்டும், கூட்டல் கொடிகளை மாற்றும். சி பக்கத்தில் அந்த மாறியை வாலட்டைல் என்று அறிவியுங்கள்; ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்வது அது. இரண்டு பைட் மாறி என்றால் படிக்கும் நேரத்துக்கு இன்டரப்ட்டை நிறுத்துங்கள். இல்லையேல் 255-இன் கீழ் பைட்டைப் படித்த கையோடு எண் 256 ஆகி, மேல் பைட்டையும் சேர்த்துப் படிக்கையில் 511 என்று வந்து நிற்கும்.

இரண்டாவது பட்டன் 3-ஆம் பின்னுக்கு. ஐஎன்டி1_வெக்ட், அதே ஜிபிஐஓஆர்0, ஆனால் 1-ஆவது பிட். பையன் அதைச் செய்துகொண்டிருந்தபோது தெருவில் நிஜமாகவே லாரி வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடியது நான்தான்.