லேத் வேலைக்கு வரும் பொடியள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலபோக நெல் அறுவடை தொடங்கினால் பரந்தன், கிளிநொச்சி, மாங்குளப் பக்கத்து லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) பட்டறைகளில் மூச்சுவிட நேரம் இராது. அறுவடை மெசின் வயலுக்குள் நிற்கும், தேய்ந்த சாஃப்டோடு, அதாவது சுழலும் தண்டோடு, சொந்தக்காரர் பட்டறை வாசலில் நிற்பார். பெரும்பாலான பிழைகள் இந்த அவசரத்தில்தான் நடக்கின்றன.

எல்லாவற்றிலும் மோசமானது சூட்டோடு அளப்பது. 50 மில்லிமீற்றர் சாஃப்டில் பெயாரிங் இருக்கும் இடத்தைக் கடைகிறீர்கள் என்று வையுங்கள். பட்டறைச் சூட்டை விட அது 40 பாகை கூடக் கொதித்தால், உருக்கு ஏறத்தாழ 0.024 மில்லிமீற்றர் விரிந்திருக்கும். நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீற்றர் 50.01 காட்டும், நீங்களும் திருப்தியாகக் கழற்றிவிடுவீர்கள். ஆறினதும் அதே இடம் 49.986 ஆகிவிடும். தட்டி இறக்க வேண்டிய பெயாரிங் கையாலேயே வழுக்கிக்கொண்டு போகும். பிறகு அதன் உள்வளையம் சாஃப்டிலேயே சுழன்று இரும்பை அரைக்கும். கடைசி வெட்டுக்கு முன் ஆறவிடுங்கள், வாசலில் நிற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். பெயாரிங் இடத்துக்கு வேர்னியர் அளவுகோலை நம்பவும் வேண்டாம், அது 0.02 மில்லிமீற்றர் வரைதான் சொல்லும்.

லூசான இடத்தில் சென்டர் பஞ்சால் (கூர் நுனி உளியால்) புள்ளி புள்ளியாகக் குத்தித் தடிப்பாக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் புள்ளிகளின் நுனிகள் மட்டுமே பெயாரிங்கைப் பிடிக்கும், பாரம் ஏறினதும் நசிந்துவிடும். வெல்டிங்கால் நிரப்பிக் கடைவதே முறை. ஆனால் சாஃப்டை லேத்தில் பூட்டியபடி, வெல்டிங் மெசினின் ஏர்த் வயரை லேத் உடம்பில் கவ்வி வெல்ட் பண்ணாதீர்கள். மின்சாரம் லேத்தின் சொந்த பெயாரிங்குகளுக்குள்ளால் போய் அவற்றைக் கெடுக்கும்.

புரியிலும் கவனம் வேண்டும். வன்னியில் பழைய மசி பேர்கசன் உழவு மெசினும் புது ஜப்பான் மெசினும் ஒரே பட்டறைக்கு வரும், எல்லாவற்றின் புரியும் ஒன்றாக இராது. உதாரணமாக, அரை அங்குல விட்வேர்த் (பழைய பிரித்தானிய முறை) புரியில் அங்குலத்துக்கு 12 இழை, யூ.என்.சி.யில் (அமெரிக்க முறை) 13. நட் இரண்டு சுற்றுப் போய் இறுகினால் ஸ்பானரால் பலவந்தம் பண்ணாமல் புரி கேஜை வைத்துப் பாருங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கைப் பூட்டும் சக் கீயைக் கையிலிருந்து விடுவதென்றால் முதலில் சக்கிலிருந்து எடுத்திருக்க வேண்டும். சுழலும் லேத்தில் கிளவ்ஸ் போடக் கூடாது. துணி சிக்கினால் கையும் சேர்ந்தே போகும். சாரத்தோடும் தொங்கும் சேர்ட்டோடும் நிற்காதீர்கள். நீளமாக வரும் இரும்புச் சுருளை லேத்தை நிறுத்திக் கொக்கியால் இழுங்கள். சுழலும் சாஃப்டில் எமரித் தாளைச் சுற்றிப் பிடிப்பதை யார் செய்து காட்டினாலும் பழகாதீர்கள்.

இத்தனை சொல்வது பயமுறுத்த அல்ல. உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திராமல், மறுநாள் காலையே மெசின் வயலில் இறங்குவது உங்கள் கையால். அந்தத் திருப்தி எல்லா வேலையிலும் கிடைக்காது. ஆனால் அதே பெருமையில் பலர் விலையில் ஏமாந்துபோகிறார்கள். இரும்பின் விலையை மட்டும் கணக்கிட்டு, அளந்த நேரத்தையும் தேய்ந்த டூலையும் கரண்டையும் விட்டுவிடுகிறார்கள். ஓடரை எடுக்கும்போதே இவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பட்டறையில் பழகினதே போதும் என்று சான்றிதழை அலட்சியப்படுத்துவதும் பிழைதான். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இயங்குகிறது. வேலையிலேயே கற்றவர்களின் திறமையைச் சோதித்து என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் வழங்கும் முறையும் நாட்டில் உண்டு. வெளிநாட்டு வேலைக்கோ பெரிய தொழிற்சாலைக்கோ விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.