வடிகட்டியை நீக்கியும் தளங்கள் திறக்கவில்லையா?

வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில், பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது போட்ட இணைய வடிகட்டி இன்னும் கிடந்தது. மூத்தவள் இப்போது உயர்தரம். உயிரியலில் இனப்பெருக்கம் என்று தேடினாலே தடைத் திரைதான் வரும், பாவம். நேற்று எடுத்துவிட்டோம்.

நிர்வாகி கணக்கில் நுழைந்து, விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் கொடுங்கள். அநேகமாக, போட்டபோது வைத்த பாஸ்வேர்டைக் கேட்கும். மறந்திருந்தால் பதிவுசெய்த மின்னஞ்சல் வழியாக மீட்கப் பாருங்கள். ஃபோல்டரை மட்டும் அழிக்க வேண்டாம்; சில வேளை இணையமே நின்றுபோகும்.

ரீஸ்டார்ட் செய்தும் தடை நீங்கவில்லையா? நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) எண்ணைப் பாருங்கள். 1.1.1.3 அல்லது 208.67.222.123 என்று இருந்தால், அது குடும்பங்களுக்கான வடிகட்டி டிஎன்எஸ். மென்பொருளை நீக்கினாலும் அது தன்பாட்டில் தடுத்துக்கொண்டே இருக்கும். அக்கா வீட்டிலும் சிக்கல் இதுதான். ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றியதும் எல்லாம் திறந்தது. அப்படியும் சரிவராவிட்டால் ரவுட்டரிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சின்னவனுக்கு ஒன்பது வயதுதான். அவனுக்கென்று தனிக் கணக்குத் திறந்து, மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் சேர்த்துவிட்டோம்.