சுங்கச்சாலைத் திட்டம் எங்கே சறுக்குகிறது? ஜோகன்னஸ்பர்க் தரும் பாடம்

ஒரு வட்டாரம் முழுவதற்கும் சுங்கச்சாலை கொண்டுவர நினைப்பவர்கள், தென்னாப்பிரிக்காவின் கவுட்டெங் மாகாணத்தில் நடந்ததைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் இருக்கும் மாகாணம் அது. 2010 உலகக்கோப்பைக் கால்பந்தை ஒட்டி, சுமார் 200 கிலோமீட்டர் நெடுஞ்சாலையைக் கடன் வாங்கி அகலப்படுத்தினார்கள். கட்டண வசூல் 2013 டிசம்பர் 3 அன்று தொடங்கியது. 2024 ஏப்ரலில் அதை முற்றிலும் கைவிட வேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் வேர், சாலையைப் போட்டுவிட்டு மக்களின் சம்மதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான். 2007-ல் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வந்தது. சட்டத்துக்கு அது போதும். ஆனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, மாதம் இவ்வளவு ஆகும் என்று வீட்டுக் கணக்காகப் புரியும்படி யாரும் மக்களிடம் எடுத்துச் சொல்லவில்லை. கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பு தெருவில் இறங்கியது. அவுட்டா என்ற அமைப்பு நீதிமன்றம் போனது. 2012-ல் உயர் நீதிமன்றம் விதித்த தடையை அதே ஆண்டு அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது. வழக்கில் அரசு ஜெயித்தது, மக்கள் பணம் கட்டவில்லை.

வசூல் முறையும் இதற்கு இடம் கொடுத்தது. அந்தச் சாலைகளில் சுங்கச்சாவடியே வைக்கவில்லை. சாலைக்கு மேலே நின்ற கேமரா வளைவுகள், வண்டியில் ஒட்டிய இ-டேக் என்ற மின்னணு அட்டையையோ நம்பர் பிளேட்டையோ படித்தன. டேக் இல்லாதவர்களுக்கு பில் பின்னால் வந்தது. வண்டிகள் நிற்கவே வேண்டாம் என்பதால் நெரிசலுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் வண்டிப் பதிவேட்டில் முகவரி சரியாக இருக்க வேண்டும், கட்டாதவர்மீது நடவடிக்கையும் பாய வேண்டும். பத்தில் ஒருவர் கட்டாவிட்டால் வழக்குப் போடலாம். கடைசி ஆண்டுகளில் அங்கே கட்டியவர்களே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அத்தனை பேர்மீதும் வழக்கு நடத்த எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

ஊர்விட்டு ஊர் போகும் சாலையையும் தினமும் வேலைக்குப் போகும் சாலையையும் ஒன்றாகப் பார்த்தது இன்னொரு தவறு. நிறவெறி ஆட்சி உழைக்கும் மக்களை நகரத்துக்கு வெளியே தள்ளிக் குடியமர்த்தியது. அந்தத் தூரம் இன்றும் குறையவில்லை. சரி, பேருந்துக்கும் உரிமம் பெற்ற மினிபஸ் டாக்சிக்கும் விலக்கு தந்தார்களே என்று கேட்கலாம். ஆனாலும் நம்பிப் போகும்படியான பொதுப் போக்குவரத்து போதாத இடத்தில், சொந்த கார் பலருக்கு ஆடம்பரம் அல்ல. மாற்று வழி இல்லாதவரிடம் கேட்கும் கட்டணம் அவருக்குத் தண்டனையாகத்தான் படும்.

பாதியில் தந்த சலுகை நிலைமையை இன்னும் கெடுத்தது. 2015-ல் அன்றைய துணை அதிபர் சிரில் ராமபோசா, கிலோமீட்டருக்கு 58 சென்ட்டாக இருந்த கட்டணம் 30 சென்ட் ஆகும், பழைய பாக்கியில் 60% தள்ளுபடி என்று அறிவித்தார். 2019-ல் பழைய பாக்கியைத் துரத்துவதையே நிறுத்தினார்கள். முதல் நாளிலிருந்து ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது. சலுகை தருவதென்றால் வசூல் தொடங்கும் முன்பே, எல்லோருக்கும் ஒரே மாதிரி தர வேண்டும்.

கடனோ யாருக்கும் காத்திருக்கவில்லை. 2022-ல் நிதியமைச்சர் அந்தக் கடனைப் பங்கு பிரித்தார்: 70% மத்திய அரசு, 30% மாகாண அரசு. பராமரிப்பு பாக்கியும் மாகாணத்தின் தலையில் விழுந்தது. அந்த நெடுஞ்சாலையில் ஒருநாளும் கார் ஓட்டாதவர்களின் வரிப்பணமும் இப்போது அந்தக் கடனுக்குப் போகிறது.