தாத்தாவின் பட்டாளத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் பணியாற்றினார்கள். வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து திரளாகப் போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தச் சேவையின் தடயத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டியதுதான். ஆனால் தாத்தாவின் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதால்தான் பல தேடல்கள் முதல் வாரத்திலேயே முடிந்துபோகின்றன.

முனுசாமி என்ற பெயரை அன்றைய எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். தகப்பனார் பெயர் முன்னால் வந்திருக்கலாம், பின்னால் வந்திருக்கலாம், வராமலே போயிருக்கலாம். ராணுவம் ஆளை அடையாளம் கண்டது படை எண்ணால். அந்த எண்ணும் படைப்பிரிவின் பெயரும் கிடைக்காமல் யாருக்கும் கடிதம் எழுதாதீர்கள். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் (பணி விடுவிப்புச் சான்று) இருந்தால் இரண்டும் அதிலேயே இருக்கும். அது இல்லையென்றால் பதக்கத்தைப் பாருங்கள். இந்திய வீரர்களுக்குத் தரப்பட்ட பதக்கங்கள் பலவற்றில் எண், பதவி, பெயர், படை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். வட்டப் பதக்கமானால் விளிம்பில், நட்சத்திரப் பதக்கமானால் பின்புறத்தில். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

அடுத்த தவறு, பட்டாளம் என்றாலே காலாட்படை என்று முடிவு கட்டுவது. பழைய மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை ஆங்கிலேயர் 1933க்குள் கலைத்துவிட்டார்கள். போர் நெருக்கடியில், 1941-42 வாக்கில்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற காலாட்படை மீண்டும் எழுப்பப்பட்டது. ஆகவே தாத்தா 1935இல் சேர்ந்தார் என்று வீட்டில் சொன்னால், அவர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் பாலம் கட்டியவராக இருக்க வாய்ப்பு அதிகம். போர்க்காலத்தில் சேர்ந்தவர்களிலும் பலர் பயனியர் படை (கட்டுமான வேலைகளுக்கான படை), வாகனப் போக்குவரத்து, மருத்துவப் படை என்று போனார்கள். துப்பாக்கியோடு நிற்கும் புகைப்படம் எதையும் நிரூபிக்காது. தொப்பியிலும் தோளிலும் உள்ள சின்னத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எந்தப் படை என்பதைப் பொறுத்தே கடிதம் போக வேண்டிய இடம் மாறும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். சாப்பர்ஸ் என்றால் பெங்களூர்.

ஆங்கிலேயக் குடும்பங்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படித்துவிட்டு லண்டனுக்கு எழுதுகிறவர்களும் உண்டு. இந்தியச் சிப்பாய்களின் தனிப்பட்ட சேவைக் கோப்புகள் அங்கே இல்லை. அவை அந்தந்தப் படையின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் இருந்தவை. வாரிசு என்பதற்கான சான்றுகளை இணைத்து அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. பென்ஷன் பெறாதவர்களின் சேவை ஆவணமான 'ஷீட் ரோல்', குறிப்பிட்ட காலம், வழக்கமாக 25 ஆண்டுகள், பாதுகாக்கப்பட்ட பிறகு அழிக்கப்பட்டுவிடும். போருக்காகச் சேர்ந்து, 1946 வாக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் பென்ஷனுக்குத் தேவையான சேவைக்காலத்தை எட்டவில்லை. ஆகவே 'ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டன' என்று ஒரு வரிப் பதில் வரும். அதைப் படித்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். 'லாங் ரோல்' என்ற பெரிய பதிவேடு தனியாக உண்டு. ஒரு வீரரின் எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் போன்ற விவரங்கள் அதில் சுருக்கமாக இருக்கும். முதல் கடிதத்திலேயே, ஷீட் ரோல் இல்லாவிட்டால் லாங் ரோல் பதிவின் விவரத்தையாவது தாருங்கள் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கேட்காததை எந்த அலுவலகமும் தானாகத் தேடித் தராது. பென்ஷன் இல்லாத போர்வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு நிதியுதவி தந்திருக்கிறது. பாட்டி அதைப் பெற்றிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு கோப்பு இருக்கக்கூடும்.

போரில் இறந்தவர்களின் பெயர்களைக் காக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயர் இல்லை என்று கவலைப்படாதீர்கள். உயிரோடு ஊர் திரும்பியவர் அதில் இருக்க மாட்டார்.

பதக்கத்தை வைத்துக்கொண்டு கதை கட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். பர்மா ஸ்டார் என்ற பதக்கம் இருப்பதால் தாத்தா பர்மாவுக்குள் போய்ச் சண்டையிட்டார் என்று எழுதிவிட முடியாது. குறிப்பிட்ட காலங்களில் வங்காளத்திலும் அசாமிலும் பணியாற்றியவர்களுக்கும் அது உரியது. அதேபோல், ஒரு பட்டாலியனின் வரலாறு தாத்தாவின் வரலாறு ஆகிவிடாது. ஆவணத்தில் '4/3 மெட்ராஸ்' என்று இருந்தால் மூன்றாவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் நான்காவது பட்டாலியன் என்று பொருள். தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் இருந்த பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. லண்டன் பயன்படுவது இந்தக் கட்டத்தில்தான். பிரிவு எந்த நாளில் எந்த ஊரில் இருந்தது என்பதை அவை சொல்லும். சிப்பாய்களின் பெயர் அபூர்வமாகவே வரும். தாத்தா அந்தப் பிரிவில் இருந்த நாட்கள் உறுதியான பிறகே அந்தப் பக்கங்களை அவருடைய கதையோடு சேருங்கள்.

கடைசியாக, நேதாஜியின் படையான ஐ.என்.ஏ., அதாவது இந்திய தேசிய ராணுவம். 'தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தார்', 'இல்லை, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தார்' என்று ஒரே வீட்டில் இரண்டு பேச்சு இருந்தால், ஒன்றைப் பொய்யென்று தள்ளிவிடாதீர்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட இந்திய வீரர்களில் பல்லாயிரம் பேர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மலாயா தோட்டங்களிலிருந்து நேரடியாகச் சேர்ந்த தமிழர்களும் ஏராளம். அவர்களுக்கு பிரிட்டிஷ் படை எண்ணே இருக்காது. அப்படிப்பட்டவரை வெலிங்டனில் தேடிப் பயனில்லை. டெல்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளையும், குடும்பத்துக்கு சுதந்திரப் போராட்ட வீரர் பென்ஷன் வந்திருந்தால் அந்த விண்ணப்பத்தின் நகலையும் தேடுங்கள்.