மடக்கு சைக்கிளுக்கு மாற்றுச் செயின்செட்: அளந்து பார்த்து வாங்கும் முறை

ஒற்றை வேக மடக்கு சைக்கிளில் செயின்செட்டின் வேலை எளியது. கியர் மாற்றும் கருவி ஏதும் இல்லாததால், பெடல்களைத் தாங்கும் இரண்டு கிராங்க் கைகளும் வலப்பக்கக் கையோடு பொருந்திய ஒரே ஒரு செயின்ரிங்கும் (முன் பற்சக்கரம்) செயினை நேர்கோட்டில் இழுத்தால் போதும். இந்த எளிமையை நம்பி, பற்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கிய செயின்செட் அச்சில் ஏறாமல் போகலாம். ஏறினாலும் செயினைக் கோணலாக இழுக்கலாம். அதுவும் சரியாக அமைந்தபின், சைக்கிளை மடக்கும்போது எங்காவது இடிக்கலாம். ஆகவே விற்பனைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் சைக்கிளை அளப்பதே சரியான வரிசை. ஒரு வெர்னியர் அளவியும் ஓர் அளவுகோலும் இருந்தால் இதற்குப் போதும்.

முதலில், முழுத் தொகுதியும் மாற வேண்டுமா என்று பார்க்க வேண்டும். செயின்ரிங் தனியாக போல்ட் கொண்டு பூட்டப்பட்டிருந்து, கிராங்க் கைகள் நல்ல நிலையில் இருந்தால், ரிங்கை மட்டும் மாற்றுவது செலவு குறைந்த வழி. விலை குறைந்த மடக்கு சைக்கிள்கள் பலவற்றில் ரிங்கும் வலக் கையும் ஒன்றாக அடித்துப் பொருத்தப்பட்டிருப்பதால், பல் தேய்ந்தாலும் ரிங் வளைந்தாலும் தொகுதியையே மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கியரைச் சற்று இலகுவாக்குவது மட்டுமே நோக்கம் என்றால் செயின்செட்டைத் தொடவே வேண்டாம். பின்பக்க ஃப்ரீவீலை (பின்சக்கரத்தின் பற்சக்கரம்) ஓரிரு பல் பெரியதாக மாற்றினால் அதே பலன் கிடைக்கும்.

அடுத்தது கிராங்க் எந்த வகை அச்சில் உட்கார்ந்திருக்கிறது என்பது. பெரும்பாலான மடக்கு சைக்கிள்களில் இருப்பது சதுர முனை அச்சு. கிராங்க் போல்ட்டைக் கழற்றினால் அச்சின் நான்கு பக்க முனை கண்ணுக்குத் தெரியும். பழைய வண்டிகளில் காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பு) செருகிய உருளை அச்சும், சிலவற்றில் இரண்டு கைகளும் அச்சும் ஒரே இரும்புத் துண்டாக வளைக்கப்பட்ட கிராங்கும் இருக்கலாம். இந்த ஒற்றைத் துண்டுக் கிராங்க் உட்காரும் கூடு, அதாவது ஃப்ரேமில் அச்சைத் தாங்கும் குழாய், அகலமானது, மரையற்றது. வேறு வகைக் கிராங்கை அதில் பொருத்த தனி மாற்றுக்கூடு தேவைப்படும். மரையுள்ள கூடுகளில் மிகப் பரவலானது 68 மி.மீ. அகலமுள்ள ஆங்கிலேய அளவு. அதில் வலப்பக்கக் கப்பு (கூட்டினுள் திருகப்படும் மரைக் கிண்ணம்) இடமரை கொண்டது. கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் எதிர்த்திசையில் பலம் கொண்டு திருகினால் கப்பு மேலும் இறுகும், சாவி நழுவி அதன் விளிம்பும் நசுங்கும்.

சதுர முனையிலும் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரம்), ஐ.எஸ்.ஓ. (பன்னாட்டுத் தரம்) என்று இரண்டு தரங்கள் உண்டு. இரண்டின் சரிவும் ஒன்றே. முனையின் பருமனில்தான் வேறுபாடு. ஐ.எஸ்.ஓ. கிராங்கை ஜே.ஐ.எஸ். அச்சில் ஏற்றினால் அது ஏறக்குறைய 4.5 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். மாற்றிப் பொருத்தினால் அளவுக்கு மேல் உள்ளே போய், போல்ட் முழுதும் இறுகிய பின்னும் கிராங்க் ஆடக்கூடும். சந்தையில் கிடைக்கும் சதுர முனைப் பாகங்களில் பெரும்பகுதி ஜே.ஐ.எஸ். தரத்தில் உள்ளவையே என்பதால், விற்பவர் தரத்தைச் சொல்லாத விலையுயர்ந்த பந்தயக் கிராங்கை வாங்காமல் விடுவதே நல்லது.

இனிச் செயின்கோடு. செயின்செட் வாங்குவோர் மிகக் குறைவாக அளப்பது இதைத்தான். ஒற்றை வேக வண்டியில் சத்தத்துக்கும் தேய்மானத்துக்கும் செயின் கழன்று விழுவதற்கும் பெரும்பாலும் காரணமாவதும் இதுதான். ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து பல்லின் நடுப்பகுதி வரை உள்ள தூரமே செயின்கோடு. முன்னும் பின்னும் இந்த எண் ஒத்துப்போக வேண்டும். பின்பக்கத்தை அளக்க, சக்கரத்தைக் கழற்றி, பின் அச்சு உட்காரும் இரண்டு தகடுகளின் உட்பக்க இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் பாதியிலிருந்து, வலத் தகட்டின் உட்பக்கம் முதல் ஃப்ரீவீல் பல்லின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தைக் கழியுங்கள். இடைவெளி 110 மி.மீ., தூரம் 12 மி.மீ. என்றால் செயின்கோடு 43 மி.மீ. முன்பக்கத்துக்கு, பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சும் அதன் தாங்கிகளும்) உட்காரும் கூட்டின் அகலத்தில் பாதியுடன், கூட்டின் வல விளிம்பிலிருந்து செயின்ரிங் பல்லின் நடு வரை உள்ள தூரத்தைக் கூட்டுங்கள், 68 மி.மீ. கூட்டில் அந்தப் பாதி 34 மி.மீ. சீட் குழாயிலிருந்து அளக்கும் வழக்கமும் உண்டு, ஆனால் மடக்கு சைக்கிள்களில் அந்தக் குழாய் பருமனாகவும், சில வடிவங்களில் கூட்டுக்கு நேர் மேலே இல்லாமலும் இருப்பதால் கூட்டிலிருந்து அளப்பதே நம்பகமானது.

இரண்டு எண்களுக்கும் இடையே 1 மி.மீ. வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, 2 மி.மீ. தாண்டினால் திருத்த வேண்டும். திருத்தும் வழி பெரும்பாலும் பாட்டம் பிராக்கெட் அச்சின் நீளத்தில் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் வகைப் (அச்சும் தாங்கிகளும் ஒரே மூடிய தொகுதியாக வரும்) பாட்டம் பிராக்கெட்டுகள் 103, 107, 110.5, 113, 118, 122.5 மி.மீ. போன்ற நீளங்களில் கிடைக்கின்றன. இரு பக்கமும் சமமாக நீண்ட அச்சில், நீள வேறுபாட்டின் பாதி அளவுக்கே ரிங் நகரும். 113-க்குப் பதில் 118 போட்டால் செயின்கோடு 2.5 மி.மீ. வெளியே போகும். எனவே புதிய செயின்செட்டுக்கு எந்த அச்சு நீளத்தில் எந்தச் செயின்கோடு அமையும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால், அந்த ஒரு வரியே மற்ற விளம்பர வாசகங்கள் அனைத்தையும்விடப் பயனுள்ளது.

பற்களின் எண்ணிக்கையைக் கணக்கிட ஒரு பெருக்கல் போதும்: சக்கரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, முன்பல்லால் பெருக்கி, பின்பல்லால் வகுக்க வேண்டும். கிடைக்கும் அங்குல எண்ணே கியரின் அளவு; எண் கூடினால் மிதி கனமாகும். 20 அங்குலச் சக்கரத்தில் 52 முன்பல்லும் 16 பின்பல்லும் இருந்தால் 65 அங்குலம் வரும்; 48 பல் என்றால் 60. நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கும்போது முதலாவது ஏறத்தாழ 25 கி.மீ. வேகத்தையும், இரண்டாவது 23 கி.மீ. வேகத்தையும் தரும். 27 அங்குலச் சக்கரத்துக்கு இதே கியரை 44 முன்பல்லும் 18 பின்பல்லும் கொடுத்துவிடும். சிறிய சக்கரத்துக்குப் பெரிய ரிங் தேவைப்படுவது இதனால்தான். சமதளத்தில் பயன்படும் வண்டிக்கு 60 முதல் 68 வரை வசதியானது, மேடு மிகுந்த வழியானால் 55-ஐ ஒட்டி இறங்குவது முழங்காலுக்கு நல்லது என்பது என் கருத்து. 20 அங்குலம் என்ற பெயரில் 406, 451 என இரு வேறு ரிம் அளவுகள் இருப்பதையும், 16 அங்குலத்தில் 305, 349 இருப்பதையும் மறக்க வேண்டாம். கணக்கில் டயரோடு சேர்ந்த உண்மையான விட்டத்தையே எடுங்கள்.

ரிங்கைப் பெரிதாக்கும் ஆசை வரும்போது மடக்கும் அமைப்பு குறுக்கே நிற்கும். அரை அங்குல இணைப்பு கொண்ட செயினில் ஒவ்வொரு பல்லும் ரிங்கின் ஆரத்தை ஏறத்தாழ 2 மி.மீ. கூட்டும், 4 பல் கூடினால் 8 மி.மீ. செயின்ஸ்டே குழாய்க்கும் (கூட்டிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் ஃப்ரேம் குழாய்) ரிங்குக்கும் இப்போதுள்ள இடைவெளியையும், சைக்கிளை மடக்கி நிறுத்தும்போது ரிங்கின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து, இந்த எண்ணை அவற்றிலிருந்து கழித்துப் பாருங்கள். சில வண்டிகள் மடங்கிய நிலையில் ரிங்கின் மேல் உள்ள காப்பு வளையத்தையோ அதை ஒட்டிய தாங்கியையோ ஊன்றி நிற்கும். அவற்றில் காப்பு இல்லாத செயின்செட்டைப் போட்டால் பல்லே தரையில் பதியும். கிராங்க் கை வெளிப்புறம் அதிகம் வளைந்திருந்தால் மடக்கிய பொதியின் அகலம் கூடும், அல்லது முன்சக்கரம் வந்து சேரும் இடத்தில் பெடல் குறுக்கிடும். செயினை மூடும் இரட்டைக் காப்பு வளையம் காற்சட்டையைக் காப்பதோடு, மடக்கிய வண்டியைத் தூக்கிச் செல்லும்போது உடையில் கரி படியாமலும் பார்த்துக்கொள்ளும். அதற்காகச் சற்றுக் கூடுதல் எடையை ஏற்கலாம்.

பல் எண்ணிக்கை மாறினால் செயினின் நீளமும் கணக்கில் வரும். இரண்டு பல் கூடினால், அதே செயினோடு பின் அச்சு 6 முதல் 7 மி.மீ. வரை முன்னே நகர வேண்டியிருக்கும். அச்சு உட்காரும் பிளவில் அவ்வளவு இடம் உள்ளதா என்று முன்பே பாருங்கள். நான்கு பல் கூடினால், செயினில் ஓர் உள் இணைப்பும் ஒரு வெளி இணைப்பும் சேர்த்தால் போதும், அச்சு ஏறத்தாழ பழைய இடத்திலேயே நிற்கும். இதனால், இடமிருந்தால் நான்கு பல் மாற்றம் இரண்டு பல் மாற்றத்தைவிட எளிதாக முடியும். அச்சு நகரும் வண்டியில் ரிம் பிரேக் கட்டைகளையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உள்ள வண்டிக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை.

கிராங்கின் நீளம் பொதுவாக 170 மி.மீ.; உயரம் குறைந்தவர்களுக்கும், வளைவில் பெடல் தரையில் உரசும் வண்டிகளுக்கும் 165 அல்லது 160 பொருந்தும். செயின் அகலத்தில் 1/8 அங்குலமும் 3/32 அங்குலமும் உண்டு. அகலமான செயின் குறுகிய பல்லில் ஓடும், குறுகிய செயின் அகலமான பல்லில் உட்காராது. பெடல் மரை மூன்று துண்டுக் (இரண்டு கைகளும் அச்சும் தனித்தனியான) கிராங்குகளில் 9/16 அங்குலம், ஒற்றைத் துண்டுக் கிராங்கில் அரை அங்குலம்.

கழற்றக்கூடிய ரிங் உள்ள செயின்செட்டை எடுப்பதானால் போல்ட் வட்டத்தின், அதாவது ரிங் போல்ட் துளைகளின் நடுப்புள்ளிகள் வழியே செல்லும் வட்டத்தின், விட்டத்தைப் பாருங்கள். ஐந்து போல்ட் வகையில், அடுத்தடுத்த இரு துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை 1.701-ஆல் பெருக்கினால் அந்த விட்டம் கிடைக்கும், 76.4 மி.மீ. என்றால் 130, 64.7 என்றால் 110. மடக்கு சைக்கிளுக்குத் தேவையான 46 முதல் 56 பல் வரையிலான ரிங்குகளுக்கு 130 வசதியானது. இரண்டு ரிங் கொண்ட பழைய செயின்செட்டில் ஒன்றை நீக்கிப் பயன்படுத்தினால் குட்டையான போல்ட்டுகள் தேவைப்படும். கியர் மாற்றத்துக்காகப் பக்கவாட்டில் பள்ளமும் முளையும் வைத்துச் செய்த ரிங் செயினை விட்டுவிடும் இயல்புடையது. ஒற்றை வேகத்துக்கென உயரமான பற்களோடு செய்யப்பட்டதே ஏற்றது.

பொருத்தும்போது, பழைய கிராங்க் போல்ட்டை முதலில் கழற்றி, கிராங்க் புல்லரின் (கிராங்கை அச்சிலிருந்து இழுத்தெடுக்கும் கருவி) மரையை முழுவதுமாக உள்ளே ஏற்றிய பிறகே தள்ளுகோலைத் திருக வேண்டும். பாதி மரையில் திருகினால் கிராங்கின் மரை பிய்ந்துவிடும். புதியதைத் துடைத்து ஏற்றி, சதுர முனைக்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். முதல் சில பயணங்களுக்குப் பின் மறுபடியும் சோதியுங்கள், குறிப்பாக இடக் கையை. தேய்ந்த செயினைப் புதிய ரிங்கில் ஓட்டினால் ரிங்கும் விரைவில் தேயும் என்பதால் செயினையும், பல் கொக்கிபோல் வளைந்திருந்தால் ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்றுங்கள். கடைசியாகக் கிராங்கை மெதுவாகச் சுழற்றி, செயினின் நடுப்பகுதியை விரலால் அழுத்துங்கள். ஓர் இடத்தில் இறுக்கமாகவும் மற்றோர் இடத்தில் தளர்வாகவும் இருந்தால் ரிங் மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது. ரிங் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, இறுக்கமான இடத்தில் செயினை லேசாகத் தட்டி, மீண்டும் சுழற்றிப் பார்த்து, வேறுபாடு குறைந்தவுடன் போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குங்கள். அதன்பின் மிக இறுக்கமான இடத்திலும் செயின் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் அசையுமாறு பின் அச்சைப் பூட்டுங்கள்.